தண்ணீர்ச் செம்பை எந்தக் கையால் எடுப்பது?

சென்ற ஞாயிறு எங்கள் தென்காசி வீட்டில் ஒரு பந்தி. உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். வியர்த்துப்போனது என்னவோ பரிமாறிய எனக்கும் என் மனைவி கோமதிக்கும்தான்!

ஒருவர் என் செங்கோட்டை அத்தை. குற்றாலச் சாரல் சீசனுக்கு வந்தவர், காலையில் அருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்கார டீச்சரம்மா. சீமையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தமிழ் ஓரளவு பேசுவார். தனியாக ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கும் அந்தம்மாவை ஒரு நாளாவது சுவாமிக்குப் படைத்த சோறு சாப்பிட வைக்கவேண்டும் என்று கோமதிக்கு ஆசை.

சிக்கல் என்ன தெரியுமா? டீச்சரம்மாவுக்கு எழுதுவது, சாப்பிடுவது எல்லாமே இடது கை. அத்தையோ... வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"பீச்சக் கையால திங்கவ பக்கத்துல நான் இருக்க மாட்டேன். பாதி இலையில எந்திரிச்சிருவேன், ஆமா."

படையல் போட்ட வீட்டில் பெரியவர் பாதி இலையில் எழுந்தால் மனசு தாங்குமா?

கோமதி விடவில்லை. ஒரு வாரம் மாடிக்குப் போய்ப் பழக்கினாள். இடது கையை மறந்துவிட வேண்டும் — அவ்வளவுதான் பாடம். பந்தியில் டீச்சரம்மா இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்! சாம்பார் முழங்கை வரை வழிந்தது, வழியட்டும். அத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு தம் இலையில் குனிந்துகொண்டார். நான் குற்றாலநாதருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அப்போது பார்த்து, டீச்சரம்மா மோர்மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டார். முகம் சிவந்துபோய் இருமல். இரண்டு இலைக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்பு. சோறு ஒட்டிய வலது கை அதை நோக்கி நீண்டது.

"ஐயோ, எச்சிக் கை!" என்றாள் கோமதி.

வலது கை பின்வாங்கியது. இடது கை வெளியே வந்தது. பாடம் நினைவுக்கு வந்து அதுவும் பாதியில் நின்றது. இரண்டு கையும் அந்தரத்தில்... கண்ணில் நீர்.

"இடது தப்பு. வலதும் தப்பு. நான் எந்தக் கையால் எடுக்க?"

நியாயமான கேள்விதானே? சாப்பிடும்போது செம்பை இடது கையால்தானே எடுக்கிறோம்? அப்போது மட்டும் அந்தக் கை எப்படி நல்ல கை ஆகிறது? இத்தனை வயசாகியும் நான் யோசித்ததே இல்லை.

அத்தை அசைந்தார். எழுந்திருக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை. தம் இடது கையால் செம்பைத் தூக்கினார்.

"நீ ஒரு கையாலயும் எடுக்க வேண்டாம் தாயி. அண்ணாந்துக்கோ, நான் ஊத்துதேன்." அப்படியே கோமதி பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒரு வாரமா என்னத்தச் சொல்லிக் குடுத்த? பிள்ளைக்குத் தண்ணி குடிக்கத் தெரியலயே."

டீச்சரம்மா அண்ணாந்தார். பாதி வாயில், பாதி கோமதி கட்டிவிட்ட சேலையில். அத்தை கடைசிவரை இலையை விட்டு எழவில்லை.

சாயங்காலம் கோயிலில் தீர்த்தம் கொடுத்தார்கள். வலது கையைக் குவித்து நீட்டினேன். அதை அடியில் தாங்கிக்கொண்டு நின்றது... இடது கை!