வேண்டா கடலை உருண்டை

செங்கல்பட்டு ரயிலடியில் வேண்டாவின் கடலை உருண்டையைத் தெரியாதவர் இருந்தால், அவர் அன்றுதான் ஊருக்கு வந்திருக்க வேண்டும். மின்சார ரயில் பிடிக்கிற ஆபீஸ்காரர்கள் அந்தச் சிவப்புப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் குழப்பம். "வேண்டா ஒண்ணு குடு" என்று ஒருவர் கேட்பார். "வேணான்னா இன்னாத்துக்குய்யா கேக்குறே?" என்று பக்கத்தில் நிற்பவர் முறைப்பார். விற்கிற வேண்டா வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

வீட்டில் நாலாவது பெண் அவள். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமி காதில் போட்டு வைக்கிற பெயர் அது. சாமிக்கும் கேட்டுவிட்டது, அடுத்து தம்பி பிறந்தான். பெயர் மட்டும் இவளோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த தலைமையாசிரியர் மனசு கேட்காமல் 'வனிதா' என்று எழுதிவிட்டார். நல்ல மனுஷன். அவர் செய்த நல்லதுதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கடலை வறுக்க உட்கார்ந்தாள். பாக்கெட் அச்சடிக்கிறவர் வனிதா என்றே போடச் சொன்னார். "என்னிய யாருண்ணா வனிதான்னு கூப்ட்டாங்க? வேண்டான்னே போடு" என்றாள்.

கை ராசி, வியாபாரம் சூடு பிடித்தது. 2003இல் ஊரப்பாக்கத்து ரமேஷ் அதே சிவப்பில் அதே பெயரில் ஒரு பாக்கெட்டை இறக்கினான். உள்ளே பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிற கடலை. தின்றவர்கள் திட்டியதோ இவளை. பெயரைப் பதிவு செய்யச் சென்னையில் அவள் போட்ட மனு எந்த மேஜையில் தூங்கியதோ தெரியவில்லை. அப்பா தனகோடியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ரமேஷுக்கு வாய் பெரிசு. "சார், வேண்டான்றது ஊரே பேசுற வார்த்த. அத்த இந்தம்மா பட்டா போட்டுக்கினா நாங்கல்லாம் எப்டி பேசுறது? இவங்க பேரே அது கெடயாது. ரேஷன் கார்ட பாருங்க."

கார்டில் வனிதா என்றுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, இம்மாம் நல்ல பேரு கீது. அத்த வச்சிக்கினு போயேன். இதுக்குப் போயி சண்டையா?"

ரயிலடியையே வாயால் ஆள்கிறவள் ரேஷன் கார்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தனகோடிதான் பெஞ்சிலிருந்து எழுந்தார். சொந்த வீட்டிலேயே வாய் திறக்காத மனிதர்.

"பேரு வச்சது நான்தாங்க. பொறந்தப்ப போயி மூஞ்சியக் கூட சரியா பாக்கல. பொண்ணுன்னு சொன்னாங்க, வேண்டான்னு வச்சிட்டு கழனிக்குப் பூட்டேன்." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பேர ஊரு முழுக்க கேட்டு வாங்குற மாரி ஆக்கினது அவதாங்க. அது பொது வார்த்த இல்லீங்க சார். எம் பொண்ணு பேரு. எங்களுக்கு வேணும்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார். கடைகளில் இருக்கிற பாக்கெட்டையெல்லாம் இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று ரமேஷிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பஸ் வந்து நின்றும் வேண்டா ஏறவில்லை.

"இத்த சொல்ல உனக்கு போலீஸ் ஸ்டேசன் வேண்டியிருந்துச்சா நைனா?" என்று கேட்டுவிட்டு, அத்தனை கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாள்.