மெர்சியுடன் நடந்த மொபெட்

நம்மூரில் ஒருத்தி தெருவில் நடந்தால், "எங்கட்டி போற?" என்று கேட்பார்கள், பதிலுக்குக்கூட நிற்க மாட்டார்கள். திருப்பூரில் வண்டியையே நிறுத்தி, "ஏனுங்க, ஏறிக்குங்க" என்பார்கள். வேண்டாமென்றால் அவர்கள் முகம் வாடிவிடும். சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்த புதிதில் இந்த மரியாதை எனக்கு இனித்தது. பிறகு அதுவே வினையானது.

என் மகள் மெர்சிக்குப் பதினாறு வயது, ஆட்டிசம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்க, இரவு ஷிப்டு முடித்த அவள் அப்பா உறங்க, அவள் கட்டிலில் அமர்ந்து வேஸ்ட் துணியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். உடம்பு ஏறிக்கொண்டே போனது. "இப்படியே இருந்தால் மூட்டு தாங்காது, தினமும் நடக்க வையுங்கள்" என்றார் கோயமுத்தூர் டாக்டர். பந்து வாங்கினேன், தலைக்கு வைத்துப் படுத்தாள். ஸ்கிப்பிங் கயிற்றையும் சுருட்டி வைத்தாள். கடைசியில் மிக்சர் பொட்டலத்தைக் காட்டித் தெருமுனை வரை கூட்டிப் போனேன். அங்கே வீட்டு ஓனர் சின்னச்சாமி மொபெட்டில் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, புள்ளைய வெயில்ல நடக்க உடறீங்க? ஏறிக்கோ கண்ணு!"

மெர்சி ஏறிவிட்டாள். மறுநாளிலிருந்து தெருமுனையில் மொபெட்டுக்காகக் காத்து நின்றாள்.

"அண்ணாச்சி, இனி அவள ஏத்தாதிய" என்றேன்.

அவர் பதறிப்போனார். "என்ற மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

டாக்டர் சொன்னதை விளக்கினேன். "செரீங்க" என்றார். ஆனால் பிள்ளை நடக்கும்போது அவர் மட்டும் உட்கார்ந்து போவது மரியாதையாகுமா? இறங்கி வண்டியை உருட்டினார். "போலாமுங்களா கண்ணு?" என்றார். சுழலும் சக்கரத்தைப் பார்த்தபடி மெர்சி கூடவே நடந்தாள், மாரியம்மன் கோயில் வரை! அன்றுமுதல் அது தினசரி வழக்கமானது. முதலில் குறைந்தது அவருடைய தொப்பைதான். பிறகு மெர்சியும் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனோம். செம்மண் சாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மெர்சி கல்லாக நின்றுவிட்டாள். என் தம்பி பைக்கில் வந்து, "ஏறுட்டி" என்றான். அவள் அசையவில்லை. சக்கரத்தைப் பார்த்து, "போலாமுங்களா கண்ணு?" என்றாள்.

"இவ எந்தூருக்காரி ஆயிட்டா?" என்று அவன் சிரித்தான்.

"எறங்கி உருட்டுல" என்றேன்.

மண்ணில் புதைந்த பைக்கை அவன் முனகிக்கொண்டே தள்ளினான். நான் பிறந்த ஊருக்குள் என் மகள் திருப்பூர்க்காரியாக நடந்து போனாள்.