சாலிஸ்பரி கலர்

“இது வெள்ளையும் கெடையாது, சந்தனமும் கெடையாது. சாலிஸ்பரி கலரு” என்று பிளவுஸ் துணியை வாசல் வெளிச்சத்தில் விரிக்கிறார் பங்கஜம். அது எந்த ஊர் என்று கேட்டுவிட்டால் போதும், கொண்டுபோன புடவையை மடித்து வைத்துவிட்டு நாமும் இங்கிலாந்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

தி. நகர் சந்து ஒன்றில் மேட்சிங் கடை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்து துணி பார்க்கலாம். நிறம் பார்ப்பது பங்கஜம், அளந்து வெட்டுவது கணவர் சண்முகசுந்தரம். விருதுநகர்ப் பக்கத்துக்காரர்கள். போன வருடம் சாலிஸ்பரியில் மகள் வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து பங்கஜத்துக்கு எல்லா நிறமும் அங்கேதான் கிடைக்கிறது. ஆற்றோரப் புல் ஒரு பச்சை. ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் மேயும் ஆடு ஒரு அழுக்கு வெள்ளை.

“ஸ்டோன்ஹெஞ்சா? வட்டமா நட்டு வச்ச கல்லு. டிக்கெட் வாங்கிட்டுத் தள்ளி நின்னு பாக்கணும். நம்ம ஊர்னா ஏறி உக்காந்து புளிசாதம் சாப்ட்ருப்போம்.”

கதீட்ரல் வந்ததும் குரல் தணியும். “கோபுரம் பாத்தா கழுத்து வலிக்கும். முள்ளும் நம்பரும் இல்லாத ஒரு பழைய கடிகாரம் ஓடுது. உள்ள ஒரு தண்ணித் தொட்டி, கண்ணாடி மாதிரி...”

ஒவ்வொரு முறையும் அங்கேதான் பேச்சை நிறுத்துவார். கத்தரியிலிருந்து கண்ணெடுக்காமல் கணவர் முடித்து வைப்பார்: “அப்புறம் மழை வந்துருச்சு. வீட்டுக்குத் திரும்பிட்டோம்.”

மழையே வரவில்லை. ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், புடவையோடு உட்கார்ந்திருந்த என்னிடம் பங்கஜம் சொன்னார்.

கோயிலாயிற்றே என்று ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போன மனிதர், தொட்டித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு கைகூப்பி நின்றிருக்கிறார். அவர்களை அங்கே கூட்டி வந்தவர் மருமகனின் மேலதிகாரி; பங்கஜம் சற்றுத் தள்ளி அவரோடும் அவர் மனைவியோடும் நின்றிருந்தார். கதீட்ரலில் தொண்டு செய்யும் ஒரு பெண்மணி அந்த ஷூவைக் கையில் ஏந்தி வந்து, உங்களுடையதா என்று பங்கஜத்திடம் பரிவோடு கேட்டார்.

“பாண்டி பஜார்ல நானே பாத்து வாங்குன ஷூ. ‘நோ, நோ’ன்னுட்டேன். அந்த ஆபீசரம்மா இவுக காலையே பாத்துக்கிட்டிருந்தாங்க, மகளுக்குக் கேவலம்னு தோணிருச்சு. திரும்புனா இவுக நிக்காக, வெறுங்காலோட. நான் சொன்னது காதுல விழுந்திருச்சு. ‘மை ஷூ, தேங்க்யூ’ன்னு வாங்கிக்கிட்டாக. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. திட்டிருந்தாக்கூடத் தாங்கிருவேன். மழை வந்துச்சுன்னு சொல்லி என்னைக் காப்பாத்துறாக பாருங்க...” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சண்முகசுந்தரம் திரும்பி வந்தார். செருப்பை விட்டுவிட்டு, மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்து, கத்தரியை எடுத்தார். பின்னாலேயே ஒரு பெண் படியேறினாள். வாசலெல்லாம் செருப்பு, கால் வைக்க இடமில்லை.

“யாருது இது, நடுவுல?” என்று அவருடைய செருப்பைக் காலால் ஒதுக்கப் போனாள்.

பங்கஜம் விரித்த துணிகளை மிதித்துக்கொண்டு எழுந்து ஓடினார். “எங்க வீட்டுக்காரரோடது.” குரல் எதிர்க்கடைக்கே கேட்டிருக்கும். உள்ளே கத்தரிச் சத்தம் நின்றது. குனிந்து அந்தத் தேய்ந்த செருப்புகளை இரண்டு கையாலும் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.