விசில் கடித்த பல்

எனக்கு என் பல்வரிசையைப் பற்றி எப்போதுமே கொஞ்சம் திமிர் உண்டு. ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஒரு சொத்தை கிடையாது. திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். கோ-கோ விளையாட்டுப் பயிற்சியில் பிள்ளைகளை விரட்டக் கை இரண்டும் வேண்டும் என்பதால் விசிலை முன்பற்களால் கடித்துக்கொண்டேதான் நிற்பேன். ஊதாத நேரத்திலும் அது வாயில்தான் இருக்கும்.

ஒரு நாள் காலைப் பயிற்சியில் விசிலைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று நகர்ந்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன். ஆடியது. விசிலைச் சட்டென்று வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் ஈறு கொஞ்ச நாளாகவே ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படக் கூடாது என்று நானாகவே முடிவு கட்டி, தினமும் கல் உப்பை வைத்துத் தேய்த்து வந்திருந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சர் என்னைவிட மூத்தவர். எதைச் சொன்னாலும் உடனே தீர்ப்பு வழங்கிவிடுவார்.

"வளந்தவுகளுக்கு ஆடுன பல்லு நிக்காது டீச்சர். பிடுங்கிப் போட்டுட்டு வேற கட்டிக்கங்க. எம்புட்டு நாளைக்கு அதைத் தாங்கிக்கிட்டுத் திரிவீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பல்லுக்கு நாள் குறிக்க இவர் யார்? அன்று சாயங்காலமே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பல் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கு. அது பழையபடி வளரும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஈறுக்கு அடியில கெட்டியாப் படிஞ்சிருக்கிற காரையை எடுத்துட்டா வீக்கம் வத்தும். வத்துனா பல்லு இறுக வாய்ப்பு இருக்கு."

"அப்ப பிடுங்க வேண்டாமா?"

"இப்பவே எதுக்கு?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார். ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பியால் ஒட்டினார். உப்பு, விசில் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, ரத்தம் வந்தாலும் அங்கே மெதுவாகப் பிரஷ் பண்ணத்தான் வேண்டும் என்றார். "அந்த விசிலை மட்டும் இனிமே கடிக்காதீங்க" என்றும் சொன்னார்.

மறுநாளிலிருந்து கைதட்டியே பயிற்சி கொடுத்தேன். "விசில் எங்க டீச்சர்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "பல்லு லீவுல இருக்கு, ஓடுங்கடி" என்றேன். கைதட்டுவது பழகிவிட்டது. நாக்கை அந்தப் பல்லிடம் போகாமல் அடக்கி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டேதான் வாய் கொப்பளித்தேன்.

மாதங்கள் கழித்து டாக்டர் கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு கருவிகளின் கைப்பிடிகளால் பல்லை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கு. ஒழுங்காப் பாத்துக்கிட்டீங்கன்னா இருக்கும்" என்றார். திரும்பி வருகையில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுகூடப் பல் தெரியச் சிரித்தேன்.

மறுநாள் நேராக அறிவியல் டீச்சர் முன்னால் போய் வாயைத் திறந்தேன். "ஆட்டிப் பாருங்க."

அவர் மறுத்தார். நான் விடவில்லை. எல்லோரும் பார்க்க ஒரு விரலை வைத்துத் தள்ளினார். பல் அசையவில்லை. அறையே சிரித்தது. கோப்பையை ஜெயித்தவள் மாதிரி போய் உட்கார்ந்தேன்.

மதியம் அறை காலியான பிறகு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்திருந்தார்.

"டீச்சர், எனக்கு மேல ரெண்டு பல்லு ஆடுது. ரொம்ப நாளா. பிடுங்கச் சொல்லிருவாங்களோன்னு பயந்துகிட்டு யாருகிட்டயும் போகல."

"சனிக்கிழமை நானும் வாரேன்" என்றேன். "நீங்க வாயை மட்டும் திறங்க. மத்ததை நான் பேசிக்கிறேன்."