முழுப் பேர்

பதுளைக் கடைவீதியில் யாராவது "வைரவநாதன்!" என்று கூப்பிட்டால் சின்னராசாவின் கழுத்து இன்றைக்கும் தானாகத் திரும்பிவிடும். திரும்பிய பிறகுதான் அது தன் பெயரில்லை என்று உறைக்கும். உடனே வாயெல்லாம் கசந்துபோகும். ஓரமாகப் போய் ஒரு தடவை காறித் துப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு நடப்பார். இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வரும்.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த மனிதர். செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியே வலது தோள் இறங்கிவிட்டது. தோட்டத்தில் கணக்கை முடித்து வேலையை விட்ட பிறகு, வெலிமடையிலிருந்து வரும் மரக்கறி லொறிகளில் மூட்டை இறக்கப் பதுளைக்கு வந்து போகிறார். லீக்ஸ் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் அந்த ஆள் ஒரு காலத்தில் மைதானத்தின் இடது ஓரமாக ஓடினால் பிடிக்க ஆளில்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். மீதிப்பேர் வாயைத் திறப்பதில்லை, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் வைரவநாதன் கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள்.

விஷயம் இதுதான். சின்னராசாவுக்கு இருபது வயதிருக்கும்போது உதைபந்தாட்டச் சங்கம் தன் முதல் சுற்றுப்பயண அணியை ரயிலேற்றியது. ஆடுகிறவன் ஒவ்வொருவனும் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றார்கள். தோட்டத்து ஆட்களில் பாதிப்பேருக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை, நாடே இல்லை, அட்டைக்கு எங்கே போவது? சின்னராசாவுக்கும் இல்லை. கடைவீதி முதலாளியின் மகன் வைரவநாதனுக்கு அட்டை இருந்தது, ஆட்டம் இல்லை. சங்கத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி இரண்டையும் ஒட்டவைத்தார்கள். அட்டை அவனுடையது, கால் இவனுடையது. ரயில் அப்புத்தளை தாண்டுவதற்குள் அணியின் மேலாளர் சின்னராசாவைப் பழக்கிவிட்டார். சாப்பிடும்போது, தூங்கும்போது, கக்கூசுக்குப் போகும்போது, "வைரவநாதன்!" என்று அதட்டுவார். திரும்பாவிட்டால் தலையில் ஒரு குட்டு. நிஜ வைரவநாதன் அதே பெட்டியில் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

குருநாகலையில் கடைசி ஆட்டம். ஒரே ஒரு கோல். அதை அடித்தது சின்னராசா. பத்திரிகையில் வந்தது வைரவநாதன்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, முழு நாள் நின்றால் முழுப் பேர். பாதியில் விரட்டினால் அரைப் பேர். சின்னராசா ரயிலில் போயிருந்த அத்தனை நாளும் வேலையில் நின்றதாகவே முழுப் பேர் போடும்படி வைரவநாதனின் அப்பா தோட்டத்துத் துரையிடம் சொல்லிவைத்தார். துரை பந்துப் பைத்தியம், சரி என்றுவிட்டார். அன்றைக்குச் சின்னராசாவுக்கு அது பெரிய உபகாரமாகத்தான் தெரிந்தது. அந்த உபகாரமே பிறகு கழுத்தில் கத்தியாக வந்து நின்றது.

வைரவநாதன் அந்தப் பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். முதலில் வேடிக்கைக்குத்தான் மாட்டியிருப்பார். வாடிக்கையாளர் கேட்கக் கேட்க, சொல்லச் சொல்ல, அவருக்கே அந்தக் கோலை அடித்த ஞாபகம் வந்துவிட்டது. மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது என்று தடவிக்கொள்வார். அந்தக் காலைக் காட்டித்தான் சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். பொய் சொல்கிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தன் பொய்யைத் தானே நம்பித் தைலம் தேய்த்துக்கொள்கிறவனை என்ன செய்வது?

இத்தனை வருஷமும் சின்னராசா அதைத் துப்பித் துப்பியே கடத்திவிட்டார். பொறுக்க முடியாமல் போனது மகள் மேனுஷாவால். கடைக்குட்டி. ஊவா மாகாணப் பெண்கள் அணியில் முன்வரிசை ஆட்டக்காரி. வாரத்தில் நாலு நாள் பஸ் பிடித்துப் பதுளைக்குப் பயிற்சிக்குப் போகிறாள். ஒரு நாள் வந்தவள் சோற்றுத் தட்டை வைத்தபடியே சொன்னாள்.

"அப்பா, அந்த கோல் கதைய இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க. டீம்ல எல்லாம் சிரிக்குதுக."

"ஏன், பொய்யாங்குதுகளா?"

"தலைவர்கிட்டயே கேட்டேன். அந்த டூருக்கு நீங்க போகவேயில்லயாம். தோட்டத்துல கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தீங்களாம். அத்தன நாளும் ஒங்களுக்கு முழுப் பேர் விழுந்திருக்காம்ல? பேர் விழுந்தா வேலையில இருந்தீங்கன்னுதானே அர்த்தம்?"

ஊரே நம்பாவிட்டாலும் போகிறது, இவள் நம்ப வேண்டும். அது ஒன்றுதான் சின்னராசாவுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒன்றையும் வைரவநாதன் பிடுங்கிக்கொண்டார் என்று நினைத்தபோது தட்டைத் தள்ளிவைத்துக் கை கழுவிவிட்டார்.

அதற்கப்புறம் வந்ததுதான் சங்கத்தின் ஆண்டு விழா. பெண்கள் அணியைச் சுற்றுப்பயணத்துக்கு வழியனுப்புகிற விழாவும் அதுவே என்பதால் பெற்றோருக்கும் அழைப்பு. தோட்டத்து ஆட்களைக் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். முன்னால் மெத்தை நாற்காலிகளில் பட்டுச் சேலைகளும் கோட்டுகளும். செயலாளர் ஜெயரூபன் சங்கத்தின் வரலாற்றை வாசித்தார். யார் யார் எந்தெந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், எந்தப் பிரமுகர் எந்தக் கொடியை ஏற்றினார் என்றே அது போய்க்கொண்டிருந்தது. பந்தை உதைத்த ஒருவனுடைய பெயரும் அதில் வரவில்லை.

கடைசியில் வந்தது. "முதல் சுற்றுப்பயணத்தின் வெற்றிக் கோலை அடித்த வீரர், வைரவநாதன் அவர்களை நினைவுக் கேடயம் பெற மேடைக்கு அழைக்கிறேன்!"

மேடையோரம் புதுச் சட்டையோடு வரிசையில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். மேனுஷாவும் தட்டினாள். அந்தக் கை தட்டலைத்தான் சின்னராசாவால் பார்க்க முடியவில்லை. கழுத்து வழக்கம்போல் திரும்பியது. இந்தத் தடவை அதோடு உடம்பும் எழுந்துவிட்டது.

முன்வரிசையில் வைரவநாதன் வேட்டியைச் சரிசெய்து, நாலு பேருக்குக் கும்பிடு போட்டு எழும்புவதற்குள் சின்னராசா மேடை ஏறிவிட்டார்.

"யார் நீங்க?" என்றார் ஜெயரூபன்.

"கூப்பிட்டீங்க, வந்துட்டேங்க. இந்தப் பேரக் கூப்பிட்டா வரணும்னு அடிச்சுப் பழக்கியிருக்காங்க."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். ஏதோ குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். வைரவநாதன் முகம் நிறையச் சிரிப்போடு மூச்சிரைக்க ஏறி வந்து, பழைய சிநேகிதனைப் போல அவர் தோளில் கை போட்டு, காதருகே குனிந்தார். வைரவநாதனின் வாய்க்கு நேர் கீழேதான் மைக் நின்றது.

"என்னடா கூத்து இது? நீ டூர்ல இருந்த அத்தன நாளும் எங்கப்பா தொரைகிட்ட சொல்லி ஒனக்கு முழுப் பேர் போட வச்சாரேடா! இன்னும் என்னடா பேர் வேணும் ஒனக்கு?"

அது மண்டபத்தின் நாலு மூலைக்கும் போய்ச் சேர்ந்தது.

முன்வரிசைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முழுப் பேர் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப டூருக்குப் போனது யாரு மொதலாளி?" என்று ஒரு பெண் கத்தினாள். நாற்காலிகள் கடகடத்தன. யாரோ ஊளையிட்டார்கள். சின்னராசா மேனுஷாவைப் பார்த்தார். அவள் கைகள் தட்டுவதை நிறுத்தியிருந்தன.

அதனால் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. ஜெயரூபன் மைக்கை அணைத்துப் பாட்டைப் போட்டார். சின்னராசா இறங்கியதும் வைரவநாதன் கேடயத்தை வாங்கி, நெஞ்சோடு வைத்து, வெட்கமில்லாமல் படமும் எடுத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் பிரியாணிப் பார்சல். மூட்டை இறக்கிய பசி வயிற்றைக் கிள்ளினாலும், சின்னராசா அதைக் கையால் தொடவில்லை. வாசலில் நின்று ஒரு தடவை துப்பிவிட்டு, தெமோதரை பஸ்ஸில் போய் உட்கார்ந்தார்.

மேனுஷா பின்னாலேயே ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையிலும் பார்சல் இல்லை. பஸ் ஊரைத் தாண்டி வளைவுகளில் ஏறியது. பிறகு அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"எந்தக் கால்லப்பா அடிச்சீங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சின்னராசா இடது முழங்காலில் கையை வைத்துக் காட்டினார்.