ஸ்வர்ணா படித்த பாடங்கள்

சாய்லக்ஷ்மிக்குப் பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். பார்வை மட்டும் திரும்பவில்லை. அது 2003. அப்பா கணபதிசுப்பிரமணியனுக்குத் திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை. அம்மா எப்போதோ போய்விட்டாள். வீட்டில் அவளும் தங்கை ஸ்வர்ணாவும்தான்.

இரண்டு வருஷம் அவள் கூடத்தை விட்டு அசையவில்லை. டிகிரி இருந்தால் ஏதாவது ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். பிரெயில் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த பெரியம்மா மகன் சாய்கிருஷ்ணன், தான் புதிது வாங்கிவிட்டதால் பழைய மியூசிக் பிளேயரை அவளிடம் விட்டுப் போனான். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. பேசினால் பதிவும் செய்யும்.

ஸ்வர்ணா அதிலிருந்த பாட்டையெல்லாம் அழித்துவிட்டுப் பாடங்களைப் படித்துப் பதிந்தாள். சாயங்காலம் விளக்கேற்றியதும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். எந்தப் பொத்தான் எது என்று தெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள். சாய்லக்ஷ்மி கேட்டுக் கேட்டே இரண்டு வருஷப் பரீட்சைகளை, இவள் சொல்ல வேறொருவர் எழுத, தேறினாள்.

2008 தை மாதம் பெட்டி நிரம்பிவிட்டது. கடைசி வருஷத்தில் ஐந்து பேப்பர், மூன்றுதான் பதிவாகியிருந்தது. பங்குனியில் ஸ்வர்ணாவுக்குக் கல்யாணம், நகரியில் மாப்பிள்ளை வீடு.

"பழைய வருஷத்துப் பாடத்தை அழிச்சுடலாம்கா. அதான் பாஸ் பண்ணிட்டியே."

"வேண்டாம்."

"எதுக்குக்கா அது இனிமே?"

அந்தப் பாடங்களுக்கு நடுவே ஸ்வர்ணா தப்பாகப் படித்துவிட்டுச் சிரிப்பது இருந்தது. 'காபி ஆறிப் போச்சு, குடி' என்று அதட்டுவது இருந்தது. பங்குனிக்கு அப்புறம் அந்தக் குரல் வீட்டில் இருக்காது.

இருவரும் ரயிலேறி அரக்கோணம் போனார்கள். ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த தன்வீர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"உள்ள சின்ன டிஸ்க் சுத்திகினு கீதும்மா. அத எடுத்துட்டு கேமராவுக்குப் போடற மெமரி கார்டு வெச்சிடலாம். இப்ப கீற மாதிரி மூணு மடங்கு எடம் வரும்."

"இருக்கறது போயிடாதே?" என்றாள் சாய்லக்ஷ்மி.

"மொதல்ல கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துகினு அப்பறம்தாங்க கழட்டுவேன். நாளைக்கு வாங்க."

சொன்னபடிதான் செய்தான். ஆனால் காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வந்ததும் திரும்பப் போட்டான், மறுபடி போனது. மூன்றாம் தடவை டிஸ்க் சுற்றவில்லை. 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. ஆட்டிப் பார்த்தான், துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தான். மறுநாள் வந்தவர்களை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு எடுத்துப் போனான். உள்ளே தட்டு கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவனே திருத்தணிக்கு வந்து பெட்டியைக் கொடுத்தான். கார்டு போட்டிருந்தான். நன்றாக வேலை செய்தது. உள்ளே முதல் வருஷத்துப் பாடம் பதினொன்று மட்டும் இருந்தது. கடைசி வருஷத்து மூன்று பேப்பரும் போயிருந்தது.

"டிஸ்க்கு பழசும்மா. கரண்ட் போற நேரத்துல நான் அத ஓட்டியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான்." வாசலிலேயே நின்றான். கூலி வேண்டாம் என்றான்.

"நீங்க என்ன பண்ணுவேள்," என்றாள் சாய்லக்ஷ்மி. "நான்தான் அழிக்க வேண்டாம்னேன்." அவன் போன பிறகு ஸ்வர்ணா அழுதாள். இவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் பொட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு நாற்பது நாள்தான் இருந்தது. ஸ்வர்ணா பழையபடி உட்கார்ந்தாள். புடவை எடுக்க, பத்திரிகை வைக்க, யாராவது வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வேகவேகமாகப் படித்தாள், தொண்டை கட்டியது. ஐந்தில் இரண்டு பேப்பர்தான் முடிந்தது.

நகரியிலிருந்து போனில் படிக்கிறேன் என்று சொல்லிப் போனாள். நான்கைந்து தடவை படித்தாள். பிறகு ஒருநாள், "அத்தை கூப்பிடறா, அப்பறம் பேசறேன்க்கா," என்று வைத்தவள், அடுத்த தடவை பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. இவளும் கேட்கவில்லை. மே மாதப் பரீட்சையில் அந்த இரண்டு பேப்பர் மட்டும் தேறியது.

அப்பா தானே படிப்பதாகச் சொன்னார். விடியற்காலை மலையேறி, நாள் முழுக்க அடுப்படியில் நின்று வருகிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள்," என்று ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் குரல் தாழ்ந்தது. மூன்றாம் பக்கத்தில் குறட்டை வந்தது. சாய்லக்ஷ்மி அவரை எழுப்பவில்லை. தடவிப் பார்த்துப் பதிவை நிறுத்தினாள். நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் அவர் புத்தகத்தை எடுத்தபோது, "வேண்டாம்பா, படுத்துக்கோங்கோ," என்றாள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு தபால் வந்தது. அப்பா பிரித்துப் படித்துவிட்டு மறுபடி மடித்தார்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"பதிவுக் காலம் முடிஞ்சு போச்சாம். இனிமே எழுதணும்னா மறுபடி முதல்லேர்ந்து சேரணுமாம்."

"சரி."

"சேரறியா?"

சாய்லக்ஷ்மி யோசித்தாள். தெருவில் காவடிக்கூட்டம் ஒன்று மேளம் அடித்துக்கொண்டு போனது. அது கடக்கும்வரை பேச முடியவில்லை.

"யாருப்பா படிப்பா?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அவருக்குச் சாதம் போட்டாள்.