கோவைக்கு ஒரு மணி நேரம்

எங்கள் கல்யாணப் பேச்சில் தூரம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. எனக்கு பெங்களூரில் வேலை. மாப்பிள்ளைக்குக் கோவையில் அண்ணனோடு சேர்ந்து நடத்தும் பம்பு செட் பட்டறை. என் அப்பா தயங்கியபோது அந்த அண்ணன்தான் சொன்னார்: "பிளேன்ல ஒரு மணி நேரந்தானுங்க. ஏறி உக்கார்றதுக்குள்ள எறக்கி உட்ருவானுங்க." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

பெங்களூர்க்காரர்களிடம் ஓர் இடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் பதில் வராது. எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் சொல்வார்கள், அதுவும் மழை இல்லாவிட்டால் என்று சேர்த்து. ஈஜிபுராவில் குடியிருக்கும் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. விமான நிலையமோ ஊருக்கு அந்தக் கோடியில். கேப் பிடித்து, வரிசையில் நின்று, வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி மாட்டி, இருக்கையில் போய் உட்காரும்போது பாதி சனிக்கிழமை போயிருக்கும். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒரு மணி நேரம் தொடங்கும்.

இருந்தும் மாதம் இரண்டு முறையாவது போனேன். அவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் பெரிய ஆசை, அவர் ஒரு தடவையாவது இங்கே வர வேண்டும் என்பது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என் வீட்டைப் பார்த்ததே இல்லை. அவருக்கென்று வாங்கிய லுங்கி மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கிறது. கேட்டால், "ஒரு மணி நேரந்தான கண்ணு, எப்ப வேணா வந்தரலாம்" என்பார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையிலேயே நல்ல மழை. விமான நிலையம் போகும் வழியில், ஹெப்பாளில் நின்ற வண்டி நின்றதுதான். "தண்ணி நிக்குது மேடம், முன்னாடி யாருமே மூவ் ஆகல" என்று டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது செக்-இன் கவுன்டரை மூடிவிட்டிருந்தார்கள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்குப் போன் செய்தேன்.

"பிளேன விட்டுட்டேங்க. மழை."

"அடடா. சரி, உடு. அடுத்த வாரம் வா."

"நீங்க வாங்களேன். சாயந்திரம் அங்கிருந்து வர்ற பிளேன்ல எடம் இருக்கு, இப்பத்தான் பாத்தேன்."

பட்டறைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"அதெப்படி கண்ணு? இங்க நேரத்துலயே போய் நிக்கோணும். அங்க எறங்கி உங்கூட்டுக்கு வர ரெண்டரை மணி நேரம், மழைன்னா மூணு. நாளைக்கு மத்தியானமே மறுக்கா கெளம்போணும். வந்தும் என்ன பண்றது?"

தடுமாறாமல், யோசிக்காமல் சொன்னார். என் பாதையின் கணக்கை நான் ஒருநாளும் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார். நான் வரும்போது மட்டும் அது ஒரு மணி நேரமாக இருந்திருக்கிறது.

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். மனசு விட்டுப் போயிற்று. அப்படியும் அவரைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்ப என்னால் முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் விற்கும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் போய், கோவைக்கு அடுத்த விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.